அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடியவேண்டிய வேலை

கேள்வி: எனக்கு வயது 54. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். விழித்திரை பாதிப்பால் வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணில் ஓரங்களில் மட்டும் மங்கலாக உருவம் தெரியும். மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான், சனி ஞாயிறு வருவான். அடுப்புப் பக்கமே போகாதே என்கிறான். வார நாட்கள் ரொட்டி, பிஸ்கட், பாக்கெட் நூடுல்ஸ், வாங்கிய சாப்பாடு என்று ஓடுகின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.2 சதவீதத்திலிருந்து 9.1-க்கு ஏறிவிட்டது. 30 வருடம் சமைத்த கை இது. போன மாதம் ஒருநாள் முயன்றேன். உப்பு கரித்தது, எண்ணெய் எவ்வளவு விழுந்தது என்றே தெரியவில்லை, காய் பாதி கருகிப் பாதி வேகாமல் இருந்தது, விரலிலும் வெட்டு. இனி நான் சமைக்க முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?

பதில்:

வணக்கம் அம்மா. முடியும்.

நீங்கள் சொன்ன நான்கு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். பார்வை இருந்தவரை கண் செய்த பெரிய வேலை திருத்துவது. எண்ணெய் கூடினால் சட்டென்று கையை நிறுத்தியது, காய் நிறம் மாறினால் தீயைக் குறைத்தது. அந்தத் திருத்தம் இப்போது இல்லை. ஆகவே சமையலின் நடுவே எடுத்த முடிவுகளையெல்லாம் சமையலுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். நறுக்குவது, அளப்பது, பாத்திரத்தை மையத்தில் வைப்பது, கரண்டியைக் கைக்கு அருகில் வைப்பது எல்லாம் முடிந்த பிறகே அடுப்பு எரிய வேண்டும். தீ எரியத் தொடங்கிய பின் உங்களுக்கு மிஞ்சுவது கிளறுவதும் காது கொடுப்பதும் மட்டும்.

கத்திக்குப் போகும் முன் உங்கள் விரல்களைப் பற்றி ஒரு கேள்வி. நீண்ட காலச் சர்க்கரை நோயில் நரம்புகளும் பாதிக்கப்படலாம். அது பெரும்பாலும் பாதங்களில் தொடங்கி, பிறகு கைவிரல்களுக்கு வரும். பார்வையற்றவர்களுக்குச் சொல்லப்படும் சமையல் யோசனைகளில் பாதி ‘தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்றுதான் இருக்கும். விரல் மரத்துப்போனவருக்கு அந்த யோசனையே ஆபத்து. மகன் வரும்போது இதைச் செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் குளிக்கிற சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். அவர் இடம் மாற்றி மாற்றி வைக்கட்டும். விரல் நுனியால் தொட்டு எது வெதுவெதுப்பு என்று பத்து முறை சொல்லுங்கள். பிறகு அதையே மணிக்கட்டின் உட்புறத்தால் செய்யுங்கள். மணிக்கட்டு சரியாகச் சொல்லி விரல் தடுமாறினால், சூடு பார்க்கும் வேலையை இனி மணிக்கட்டிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்றால், வெறும் வயிற்றோடு சமைக்க நிற்காதீர்கள். கை நடுங்கும்போது கத்தியும் தீயும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அளவை வாய்விட்டுச் சொல்லும் குளுக்கோமீட்டர்கள் கிடைக்கின்றன. தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். அது காட்டும் அளவு 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இருந்தால் சுமார் 15 கிராம் மாவுச்சத்து உடனே வேண்டும். அதாவது 3 முதல் 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறாகவோ குடிக்க வேண்டும். 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்தச் சர்க்கரையை அந்த நேரத்தில் அளக்க முடியாது. முன்கூட்டியே அளந்து சிறு பொட்டலங்களாகக் கட்டி, அடுப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டாத ஓர் இடத்தில் வையுங்கள். அந்த இடம் மாறவே கூடாது.

இனி கத்தி. இதில் சற்று நேரம் நிற்கப்போகிறோம், காரணம் உண்டு. உங்கள் சர்க்கரை ஏறியதற்கு நீங்கள் சமைக்காதது மட்டும் காரணமல்ல. நறுக்க வேண்டாத உணவுகளாகவே தேர்ந்தெடுத்தீர்கள். ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் கத்தி வேண்டாம், காய்க்கு வேண்டும். பார்வை குறைந்தவர் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது காய்கறிதான். கத்திப் பயம் போனால் பாதிச் சிக்கல் போய்விடும்.

விளிம்புள்ள அகலமான தட்டு ஒன்றை மேடையில் வையுங்கள். அதற்குள் ஈரத்துணி விரித்து, துணிமேல் பலகை. துணி பலகையை நகரவிடாது. உருளும் காயையும் சிதறும் துண்டையும் தட்டு பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்ததைத் தடவித் தேடும் வேலை இருக்காது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொட்டைக் கத்தியை அழுத்த வேண்டியிருக்கும்; அழுத்தும்போதுதான் வழுக்கி விரல்மேல் ஏறும். முதல் சில வாரம் பற்கள் உள்ள கத்தி நல்லது. அது காயின் தோலைப் பிடித்துக்கொண்டு இறங்கும், வழுக்காது. கத்திக்கு இடம் ஒன்றே ஒன்று: பலகைக்கு அப்பால், பலகைக்கு இணையாக, கூர் உங்களுக்கு எதிர்ப்புறம், பிடி வலக்கைப் பக்கம். பயன்படுத்தாத ஒவ்வொரு நொடியும் அது அங்கேதான் இருக்க வேண்டும். எடுக்கும்போது கையை மேடைமேல் தாழ்வாகத் தடவிக்கொண்டு போய்ப் பிடியைத் தொடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில், நுரைக்கு அடியில் கத்தி கிடக்கவே கூடாது. வெட்டி முடித்த கையோடு கழுவுங்கள். பஞ்சு கத்தியின் முதுகிலிருந்து கூரை நோக்கி நகரட்டும்.

பிடிகள் இரண்டு. ஒன்று பாலப் பிடி. இடக்கையின் கட்டைவிரல் காயின் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், நடுவில் ஒரு வளைவு. கத்தி அந்த வளைவுக்கு அடியில் நுழைந்து கீழே இறங்கும். உருண்டையான எதையும் இரண்டாகப் பிளக்க இதுதான். இன்னொன்று நகப் பிடி. விரல்களை மடக்கி, நகங்கள் உள்நோக்கி இருக்க, நடுவிரலின் முட்டி முன்னால் நிற்கும்; கட்டைவிரல் பின்னால் ஒளிந்திருக்கும். கத்தியின் தட்டைப் பக்கம் அந்த முட்டியை உரசியபடியே ஏறி இறங்கும். கத்தியின் கூர் முட்டியின் உயரத்தைத் தாண்டி மேலே வராதவரை விரல் வெட்டுப்படாது. முட்டியை எவ்வளவு பின்னுக்கு நகர்த்துகிறீர்களோ அதுவே துண்டின் தடிமன். கண் பார்த்த வேலையை இங்கே முட்டி செய்கிறது.

ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் தாடி மாதிரி வேர் தட்டுப்படும், மறுமுனை காய்ந்த காகிதமாக இருக்கும். காகித முனையை ஒரு விரற்கடை வெட்டி எறியுங்கள். வெட்டிய தட்டையான முகத்தைப் பலகையில் குப்புற வைத்தால் வெங்காயம் உருளாமல் நிற்கும், வேர் மேலே இருக்கும். பாலப் பிடி பிடித்து, கத்தியின் தடித்த முதுகு மேலே இருக்கிறதா என்று பிடிப்பக்கத்திலிருந்து ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, வேரின் நடுவாகக் கீழே இறக்குங்கள். இரண்டு பாதியிலும் பாதிப் பாதி வேர் ஒட்டியிருக்கும், அது வேண்டும். தோலை உரியுங்கள். உரித்த இடம் ஈரமாக வழுவழுக்கும், உரிக்காத இடம் உலர்ந்து சரசரக்கும். தட்டை முகம் கீழே இருக்க, நகப் பிடியில் வேரில்லாத பக்கத்திலிருந்து நறுக்கிக்கொண்டு வாருங்கள். அடுக்குகள் சிதறாமல் வேர் பிடித்துக்கொள்ளும். வேருக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். கடைசித் துண்டை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் பெரும்பாலும் விரல் வெட்டுப்படுகிறது, ஏனென்றால் பிடிக்க இடம் குறையக் குறைய முட்டி முன்னால் நிற்காமல் விரல் நீண்டுவிடும். அந்தத் துண்டு போகட்டும், விரலைவிட அது மலிவு.

இடது கண்ணில் மிச்சமிருக்கும் பார்வையையும் வீணாக்க வேண்டாம். வெங்காயம், முட்டைக்கோஸ், காலிஃபிளவருக்குக் கறுப்புப் பலகை. கேரட், பீன்ஸ், கீரைக்கு வெள்ளைப் பலகை. பூப்போட்ட விரிப்பு வேண்டாம், காய் அதில் தொலைந்துபோகும். விளக்கு தலைக்கு மேல் இருந்தால் உங்கள் நிழலே பலகைமேல் விழும். பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கீழே, பல்பு கண்ணில் படாமல் இருக்கட்டும். ஓரப்பார்வை மட்டும் இருப்பவர் நேராகப் பார்ப்பதைவிடப் பார்வையைச் சற்று விலக்கிப் பார்த்தால் உருவம் நன்றாகப் பிடிபடும். குறைபார்வைச் சிகிச்சை மையங்களில் இதற்கே முறையான பயிற்சி தருவார்கள்.

தினமும் நறுக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் நறுக்கி, ஈரம் போகத் துணியில் உருட்டி, மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு சமைக்கலாம். ஒரு வேலையும் மிச்சம், நார்ச்சத்தும் மிச்சம். உறையவைத்த பட்டாணி, பீன்ஸ், கீரை பாக்கெட்டுகளைக் குறைவாக நினைக்காதீர்கள். அவை பறித்த சூட்டோடு உறையவைக்கப்படுவதால் சத்தில் புதுக் காய்க்குப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. கழுவவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். உப்போ சாஸோ சேர்க்காததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். புதுக் கீரையைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் அலசி, கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள், தண்ணீரோடு சாய்க்காதீர்கள். சாய்த்தால் அடியில் இறங்கிய மண் திரும்பவும் கீரைமேல் விழும். பாத்திரத்தின் அடியைத் தடவினால் நறநறப்பு இல்லாத வரை இதைச் செய்யுங்கள்.

உப்புக்கும் எண்ணெய்க்கும் தீர்வு மலிவானது: வளைத்த கரண்டி. உலோகத்தில் செய்த அளவுக் கரண்டிகளை வாங்கி, கிண்ணமும் காம்பும் சேரும் இடத்தில் செங்கோணமாக வளைத்துவிடுங்கள். காம்பைச் செங்குத்தாகப் பிடித்தால் கிண்ணம் சமமாக நிற்கும், பெரிய கரண்டியின் சின்னப் பிள்ளை மாதிரி. எண்ணெயை அகன்ற வாயுள்ள ஜாடிக்கு மாற்றி, கரண்டியை நேராக இறக்கி நேராக மேலே தூக்குங்கள். சொட்டுவது நிற்க இரண்டு எண்ணுங்கள், பிறகு பாத்திரத்துக்குக் கொண்டுபோங்கள். உப்பை அள்ளிய பின் கத்தியின் முதுகால் தலைதட்டுங்கள். சிந்தினால் ஜாடிக்குள்ளேயே சிந்தும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவது என்ற செயலையே சமையலறையிலிருந்து எடுத்துவிட்டால் பாதி அளவுத் தவறுகள் நின்றுவிடும்.

அளவுகள் இவை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 1 டீஸ்பூன் எண்ணெய் போதும். அது 5 மில்லி, ஏறத்தாழ 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டி என்றால் 120. கை தெரியாமல் ஊற்றும்போது இரண்டு மூன்று மேசைக்கரண்டி விழுவது சர்வ சாதாரணம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதாவது எல்லா உணவும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. தலைதட்டிய கால் டீஸ்பூன் தூளுப்பு சுமார் 1.5 கிராம். இரண்டு பேருக்கான ஒரு காய்க்குக் கால் டீஸ்பூன் போட்டு நிறுத்துங்கள். போதவில்லை என்றால் எலுமிச்சைச் சாறும் மிளகும் அந்தக் குறையை நிரப்பும். ஒரு எச்சரிக்கை: கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இல்லை. கல்லுப்பு இடைவெளி விட்டு நிற்பதால் எடை குறையும். உப்பை மாற்றினால் சுவையும் மாறும், எனவே ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் உப்பும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கக் கூடாது. ஒன்று உருண்டை, ஒன்று சதுரம்.

அடுத்து அடுப்பு. புதிதாக வாங்க முடிந்தால் உங்களுக்கு இண்டக்‌ஷன் அடுப்பைச் சொல்வோம். சுடர் இல்லை, சேலைத் தலைப்போ கைத்துணியோ பற்றாது, பாத்திரத்தை எடுத்தால் சூடாக்குவதை நிறுத்திவிடும். ஆனால் கண்ணாடி வழவழவென்றிருக்கும் தொடுதிரை மாடல் வேண்டாம், விரலுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் உள்ளே போகும் பொத்தானோ திருகும் குமிழோ உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பாத்திரம் இருந்த இடம் பாத்திரத்தின் சூட்டால் சற்று நேரம் சுடும் என்பது நினைவிருக்கட்டும். எரிவாயு அடுப்பே தொடரும் என்றால் குமிழில் ‘அணை’ நிலைக்கு ஒரு புடைப்புப் புள்ளி, சிறு தீக்கு இரண்டு என்று ஒட்டுங்கள். சிலிகான் ஒட்டுப்புள்ளிகள் கிடைக்கும், காய்ந்தால் புடைத்து நிற்கும் துணிச்சாயமும் போதும். புள்ளியை விரல் உணர்கிறதா என்று முதலில் பாருங்கள். உணராவிட்டால் பெரிய பொத்தானை ஒட்டுங்கள். எரிவாயு வாசனை வந்தால் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வாருங்கள்.

உங்கள் காய் பாதி கருகிப் பாதி வேகாமல் போனதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். துண்டுகள் ஒரே அளவில் இல்லை. பாத்திரம் பர்னரின் மையத்தில் இல்லை. தீ கூடுதல். அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே பாத்திரத்தை வைத்து, இரு கைகளாலும் விளிம்புக்கும் அடுப்பின் கம்பிக்கும் உள்ள இடைவெளியை இடம் வலமாக, முன் பின்னாகத் தடவிச் சமப்படுத்துங்கள். கைப்பிடியைக் கடிகாரத்தில் 3 மணி இருக்கும் திசையில் நிறுத்துங்கள். அது மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுப்பு தட்டிக் கவிழும்; வேறு பர்னருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சுடும். கழற்றி வைக்கும்போது முதலில் அடுப்பை அணையுங்கள், பிறகுதான் பாத்திரம். முழங்கைவரை நீளும் கையுறை, இறுக்கமான கை வைத்த உடை. தொங்கும் எதுவும் அடுப்பருகே வேண்டாம்.

வதக்கலை இப்படிச் செய்யுங்கள். உயரமான விளிம்புள்ள பாத்திரம். அதில் அளந்த எண்ணெய், அதன்மேல் நறுக்கிய வெங்காயம். இரண்டும் பச்சையாக, குளிர்ந்த பாத்திரத்தில். இப்போதுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், மிதமான தீ. சூடான எண்ணெயில் ஈரக் காயைப் போடும்போது தெறிக்கும் தெறிப்பு இதில் வராது. ஓரிரு நிமிடத்தில் மெல்லிய சலசலப்பு கேட்கும்: வெங்காயத்தின் நீர் வெளியேறுகிறது. அந்தச் சத்தம் சலசலப்பிலிருந்து வறண்ட படபடப்பாக மாறி, காரநெடி போய் இனிப்பு மணம் வந்தால் வதங்கிவிட்டது. காயைப் போட்டு, 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். அது நீராவியில் வேகும். மீண்டும் படபடப்பு கேட்டால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு கரண்டி விடுங்கள் அல்லது அணைத்துவிடுங்கள். கிளறுவதற்கும் ஒழுங்கு வேண்டும்: பாத்திரத்தைக் கடிகாரமாக நினைத்து 12-லிருந்து 6, 3-லிருந்து 9, பிறகு விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம். வெறுமனே சுழற்றினால் நடுவில் உள்ளது அங்கேயே கிடந்து கருகும். எண்ணெயில் பொரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் சர்க்கரைக்கும் அது ஆகாது, பார்வை உள்ளவருக்கே அது ஆபத்தான வேலை. எண்ணெய் எப்போதாவது பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆகவே மூடி எப்போதும் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர், பனிக்கட்டியோ பற்பசையோ வேண்டாம்.

ஆனால் தொடக்கத்துக்கு வதக்கலைவிட ஆவியே நல்லது. மின்சாரக் குக்கரும் அதன் மேல் உட்காரும் ஆவித்தட்டும் உங்களுக்குக் கண் கொடுத்த மாதிரி. தானே அணையும், சுடர் இல்லை. கீழே அரை டம்ளர் பருப்பும் இரண்டு டம்ளர் தண்ணீரும். பருப்பு பாதி வெந்ததும் மேல்தட்டில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். ஒரு விரற்கடைத் துண்டுகள் 8 முதல் 10 நிமிடத்தில் வெந்துவிடும், பேசும் டைமர் அல்லது கைபேசிக் கடிகாரம் போதும். வெந்ததும் அணைத்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறந்து, ஆவி அடங்கக் கொஞ்சம் காத்திருந்து தட்டைத் தூக்குங்கள். கொதிநீரை வடிக்கும் வேலை இல்லாமலே போகிறது. சமையலறையில் பெரிய சூட்டுக்காயம் அந்த வடிப்பில் வரக்கூடும். பாத்திரத்தில் காயை வேகவைப்பதானாலும் கம்பிக் கூடைக்குள் போட்டு வேகவைத்து, கூடையை மட்டும் தூக்குங்கள். எண்ணெயையும் உப்பையும் வெந்த காயின்மேல் கடைசியில் கலந்தால், அதே ஒரு டீஸ்பூன் நாக்குக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தண்ணீர் கொதித்ததா என்பதைக் காதே சொல்லும், ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது: சத்தம் உச்சத்துக்குப் போகும்போது இன்னும் கொதிக்கவில்லை. அடியில் கிளம்பும் குமிழிகள் மேலே உள்ள ஆறிய நீரில் உடையும் இரைச்சல் அது. முழுதாகக் கொதிக்கும்போது இரைச்சல் தணிந்து ‘குளுகுளு’வென்று உருளும் சத்தமாகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு எவர்சில்வர் மூடியை அடியில் போட்டு வையுங்கள், கொதிக்கும்போது அது தடதடக்கும். கொதிநீரை ஊற்றாதீர்கள், குழிக்கரண்டியால் எடுங்கள். கோப்பையின் விளிம்பில் மாட்டினால் நிறையும்போது ஒலிக்கும் திரவ அளவுக் கருவியும் உண்டு, தேநீருக்கு அது வசதி.

வெந்தது தெரிய: காயில் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கும், எடுக்கும்போது துண்டு முள்ளோடு வராது. அவித்த முட்டையை மேடையில் சுழற்றினால் சீராகச் சுழலும், பச்சை முட்டை தள்ளாடும். முட்டையை எப்போதும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்த பின்னரே சேருங்கள். இறைச்சிக்கு மட்டும் காதும் மூக்கும் போதாது. பேசும் உணவு வெப்பமானி வேண்டும். கோழி என்றால் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்கும்போது 74 டிகிரி செல்சியஸ் சொல்ல வேண்டும், மீன் 63. கோழியைக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீர் கிருமியைச் சுற்றிலும் பரப்பும், அது எங்கே விழுந்தது என்று உங்களால் பார்த்துத் துடைக்கவும் முடியாது. இறைச்சிப் பலகை நிறத்தில் அல்ல, வடிவத்தில் வேறுபட வேண்டும்: காய்க்குச் சதுரம், இறைச்சிக்கு வட்டம்.

மிச்சம் வைப்பதில் மூக்கை நம்பாதீர்கள். நோய் தரும் கிருமிகளில் பல வாசனையை மாற்றுவதே இல்லை. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும், உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. சோறு இன்னும் சீக்கிரம், ஒரு மணி நேரத்துக்குள், தட்டையான டப்பாவில் பரப்பி. சோற்றில் வளரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நாள் கணக்குக்கு ரப்பர் வளையம் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, காய் டப்பாவுக்கு 3 வளையம், சோற்றுக்கு 1. தினமும் காலையில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு வளையத்தைக் கழற்றுங்கள். வளையம் இல்லாத டப்பாவை அன்றிரவுக்குள் தீர்க்க வேண்டும் அல்லது கொட்டிவிட வேண்டும். பாக்கெட் எழுத்துகளைப் படிக்கக் கைபேசிச் செயலிகள் உண்டு. சீயிங் ஏஐ படித்துச் சொல்லும். பி மை ஐஸ் வழியாகப் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் கேமரா மூலம் பார்த்துச் சொல்வார். காலாவதித் தேதிக்கு இவை நல்லவை. கோழி வெந்ததா என்று இவற்றிடம் கேட்காதீர்கள்.

தட்டில் பரிமாறக் கடிகாரமே உதவும். 23 சென்டிமீட்டர் தட்டில் 12-லிருந்து 6 வரை, அதாவது வலப்பாதி முழுவதும், காய். 6-லிருந்து 9 வரை பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். 9-லிருந்து 12 வரை சோறோ ரொட்டியோ. சோற்றை வழக்கமான கரண்டியால் அல்ல, 80 மில்லி அளவுக் கோப்பையால் எடுங்கள். ஒரு கோப்பை வெந்த சோறு சுமார் 15 கிராம் மாவுச்சத்து. வேளைக்கு எத்தனை கோப்பை என்பதை உங்கள் உணவியல் நிபுணர் மருந்தோடு சேர்த்து முடிவு செய்யட்டும். அவரிடம் ‘கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்’ என்ற பதிலை ஏற்காமல், எத்தனை கோப்பை என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மகனுக்கும் சில வரிகள். தம்பி, அம்மாவை அடுப்பிலிருந்து தள்ளிவைத்ததன் விலை அந்த 9.1-ல் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அலமாரிக் கதவுகளும் இழுப்பறைகளும் திறந்து கிடக்கக் கூடாது. எதை எடுத்தாலும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். உங்களுக்கு இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் ஒன்றுமில்லை, அவர்களுக்கு அந்தப் பொருள் காணாமல் போய்விட்டது. ‘அங்கே இருக்கிறது’, ‘பார்த்து’ போன்ற சொற்கள் உதவாது. ‘வலக்கைக்கு ஒரு சாண் தள்ளி, 2 மணித் திசையில்’ என்று சொல்லுங்கள். அவர்கள் நறுக்கும்போது கத்தியைப் பிடுங்காதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவியும், எரிவாயு என்றால் கசிவு எச்சரிக்கைக் கருவியும் மாட்டிவிட்டு, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா, முதல் வாரம் தீயே வேண்டாம். வெள்ளரிக்காய், கேரட், வேகவைத்த முட்டை, தயிர் இவற்றைக் கொண்டு பலகையோடு பழகுங்கள். முட்டையை மகன் ஞாயிற்றுக்கிழமை அவித்து வைத்துவிட்டுப் போகலாம். இரண்டாம் வாரம் மின்குக்கரும் ஆவியும். மூன்றாம் வாரம் மகன் பக்கத்தில் இருக்கும்போது, அடுப்பில் வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துப் பழகுங்கள்: பாத்திரம் வைத்து, மையம் பார்த்து, பற்றவைத்து, சத்தம் கேட்டு, அணைத்து, பத்து முறை. வதக்கல் நான்காம் வாரம். சமையல் தொடங்கிய முதல் மாதம் உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். சாப்பாடு மாறும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். அந்தக் குறிப்பு இல்லாமல் மருத்துவரால் அதைச் செய்ய முடியாது.